ஞாயிற்றுக்கிழமை மட்டும் புகையும் அடுப்பு

திங்கள்கிழமை புகையவில்லை. செவ்வாய்க்கிழமை புகையவில்லை. புதன், வியாழன், வெள்ளி, சனி என்று வாரம் முழுக்க நஸ்ரி வீட்டு ஸோபியா என்ற விறகு அடுப்பு, மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி சத்தமில்லாமல் சமர்த்தாக எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான் அதற்குக் கிறுக்குப் பிடித்தது. மகளும் மருமகனும் பேத்தியும் மலையேறி வந்து, கோட்டுகளைக் கழற்றி மாட்டி, அப்பாடா என்று உட்கார்ந்த அரை மணி நேரத்தில், அடுப்பின் கதவிடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு புகை நாக்கு எட்டிப் பார்க்கும். பிறகு வீடு முழுக்க இருமல்.

தொடர்ந்து மூன்று ஞாயிறு இப்படி ஆகிவிட்டது.

நஸ்ரிக்கு இது வெறும் புகை இல்லை, மானப் பிரச்சினை. முப்பத்தைந்து வருடம் அந்த மலையிலிருக்கும் ஆப்பிள் தோட்டங்களுக்கெல்லாம் தண்ணீர் பம்பு பழுதுபார்த்தவர் அவர். ஒரு பம்பு ஏன் இறைக்கவில்லை என்பதைத் தரையில் காதை வைத்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டில், நடுக்கூடத்தில், ஒரு விறகு அடுப்பு வாரத்துக்கு ஒரு நாள் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தது.

அடுப்பு என்றால் பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. நான்கு கால் வைத்த இரும்புப் பெட்டி. முன்னால் விறகு போட ஒரு கதவு, அதன் கீழே காற்று நுழைய ஒரு சின்ன ஓட்டை, பின்னாலிருந்து கிளம்பி உத்தரத்தை எட்டி, அங்கே முழங்கை மடித்து, சுவரைத் துளைத்து, கூரைக்கு மேல் நிமிரும் ஒரு தகரக் குழாய். அவ்வளவுதான். சூடான காற்றுக்கு எடை குறைவு, அதனால் குழாய்க்குள் மேலே ஏறும். அது காலி செய்த இடத்துக்கு அறையிலுள்ள காற்று ஓட்டை வழியாக உள்ளே ஓடும். ஓடும் காற்று தீயை வளர்க்கும். வளர்ந்த தீ இன்னும் காற்றைச் சூடாக்கி மேலே அனுப்பும். தன்னைத் தானே இறைத்துக்கொள்ளும் பம்பு அது. நஸ்ரிக்கு அதனாலேயே அதன்மேல் தனிப் பிரியம்.

முதல் ஞாயிறு அவர் காற்றைக் குற்றம் சொன்னார். வடக்கேயிருந்து அடிக்கிறது, குழாயின் வாயில் மோதிப் புகையைத் திருப்பி அனுப்புகிறது என்றார். இரண்டாம் ஞாயிறு விறகில் ஈரம் என்றார். மூன்றாம் ஞாயிறு சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் அடுப்பையே முறைத்துக்கொண்டு நின்றார்.

“மச்சான், இது பக்தியான அடுப்பு. ஆறு நாள் உழைச்சிடுச்சு, ஏழாவது நாள் ஓய்வு கேக்குது,” என்றார் தன்னூஸ். அவர் நஸ்ரியின் மனைவி வர்தேயின் தம்பி. பக்கத்து வீடு. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். அதனால் அக்காவின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை ஒரு வாரமும் தவறவிட்டதில்லை.

“நீ வாய மூடு. உன் சிகரெட்டுதான் பாதிப் புகை.”

“என் சிகரெட்டு முப்பது வருஷமா இந்த வீட்ல இருக்கு. அப்பல்லாம் அடுப்பு இருமலையே.”

மகள் ஹலா சிரிக்கவில்லை. ஐந்து வயது தாலாவின் கண்களை ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்துவிட்டிருந்தார்கள். வெளியே ஆறு டிகிரி. எல்லோரும் கழற்றிய கோட்டுகளை மறுபடி மாட்டிக்கொண்டு, பொரித்த காலிஃபிளவரைக் கையுறை போட்ட கையால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா, இத்தோட மூணு வாரம்,” என்றாள் ஹலா. “அடுத்த ஞாயிறும் இப்படியே புகைஞ்சா, வசந்தம் வர்ற வரைக்கும் சாப்பாடு எங்க வீட்லதான். நீங்க மூணு பேரும் கீழ ஜூனியேக்கு இறங்கி வந்துடுங்க. குழந்தை ராத்திரியெல்லாம் இருமுறா.”

மருமகன் கமீல் பல் டாக்டர். யார் மனதும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர், அதனாலேயே நோகடித்துவிடுகிறவர். “எங்க வீட்ல ஏசியிலயே சூடு வரும் மாமா. ரிமோட்ல ஒரு பட்டன், அவ்வளவுதான்,” என்றார்.

ரிமோட்டில் ஒரு பட்டன். நஸ்ரி அந்த வார்த்தையை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பட்டனில் சூடு வரும், சரி. ஆனால் பட்டனைச் சுற்றி யார் உட்காருவார்கள்? ஆப்பிள் பறித்து முடித்து, வால்நட் உடைத்துக் காயவைத்து, முதல் மழையும் பெய்து ஓய்ந்த இந்த இலையுதிர் காலத்து ஞாயிறு மதியங்களுக்காகத்தான் அவர் வருடம் முழுக்கக் காத்திருப்பார். பெரிதாக ஒன்றும் நடக்காது. யாரோ உரித்த ஆரஞ்சுத் தோல் அடுப்பு மேல் கிடந்து சுருளும். தாலாவின் நனைந்த காலுறைகள் குழாயில் தொங்கும். கமீல் சாப்பிட்ட கையோடு வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். தாலா அந்த வாயில் எத்தனை பல் என்று எண்ணுவாள். வர்தே கஷ்கொட்டையைக் கத்தியால் கீறி (கீறாமல் போட்டால் உள்ளே ஆவி அடைபட்டு வெடிக்கும்), அடுப்புத் தகட்டின் மேல் பரப்பி வைப்பாள். வெந்ததும் சுடச்சுடக் கைமாற்றி உரித்து, நஸ்ரி கேட்காமலேயே முதல் பருப்பை அவர் உள்ளங்கையில் வைப்பாள். முப்பத்தாறு வருடமாக முதல் பருப்பு அவருக்குத்தான். ஜூனியேவில் ஏழாம் மாடியில் கஷ்கொட்டையை மைக்ரோவேவில் வைப்பார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

“ஒரு வாரம் குடு,” என்றார் மகளிடம். “கண்டுபிடிச்சிடறேன்.”

திங்கள் காலை ஏணியைச் சாத்திக் கூரைக்கு ஏறினார். குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி, தூரிகை விட்டுத் தேய்த்து, ஒரு தகர டின் கரி எடுத்தார். மாட்டினார். எரித்தார். புகையவில்லை. ஆனால் திங்கள்கிழமை எப்போதுமே புகையாது என்பதால் இது எதையும் நிரூபிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நல்ல காற்று. மரத்தில் ஒட்டியிருந்த கடைசி ஆப்பிள் இலைகளெல்லாம் பறந்தன. நஸ்ரி கையைத் தேய்த்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தார். புகை வந்தால் காற்றுதான் குற்றவாளி. மாலை வரை உட்கார்ந்தும் ஒரு இழை புகை வரவில்லை. காற்று விடுதலை.

புதன்கிழமை வேண்டுமென்றே ஈர விறகு போட்டார். சீறியது, முனகியது, ஆனால் புகை குழாய் வழியாகவே போனது. விறகும் விடுதலை.

“நாம பயித்தியக்காரங்க மாதிரி அடுப்பப் புகைய வைக்கப் பாடுபடறோம்,” என்றாள் வர்தே. அவள் பருப்புச் சோறும் நேற்றைய மீதியும் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கு வார நாளில் அதற்கு மேல் எதற்கு?

“புகைய வைக்கத் தெரிஞ்சாத்தான் நிறுத்தத் தெரியும் வர்தே. பம்பு ரிப்பேருக்கும் இதான் சட்டம். மொதல்ல கெட்டுப்போகட்டும், அப்பறம் பாத்துக்கலாம்.”

“உன் சட்டத்த உன் நெத்தியில எழுதி ஒட்டிக்கோ. கண்ணெரிச்சல் எனக்குத்தான்.”

வியாழக்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கும் மற்ற நாளுக்கும் என்ன வித்தியாசம்? ஆட்கள்! மற்ற நாளில் வீட்டில் இரண்டு பேர். ஞாயிறு ஆறு பேர். ஆறு பேர் மூச்சு விட்டால் அறைக் காற்று கெட்டுப்போகாதா? தன்னூஸையும் அவரோடு சீட்டாடும் மூன்று பேரையும் வரச்சொன்னார். நாலு பேரும் நல்ல வாட்டசாட்டம். நஸ்ரியையும் வர்தேயையும் சேர்த்துச் சரியாக ஆறு. அவரவரை ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் உட்கார வைத்தார்.

“நீ கமீல். அங்க. வாயத் திறந்துட்டுத் தூங்கு,” என்றார் ஒருவரிடம்.

“நான் யாரு?” என்றார் நூற்றுப்பத்து கிலோ எடையுள்ள இன்னொருவர்.

“நீ தாலா. அந்த முக்காலில உக்காரு.”

முக்காலி முனகியது. அடுப்பு முனகவில்லை. இரண்டு மணி நேரம் மூச்சு விட்டார்கள். காப்பி குடித்தார்கள், சீட்டாடினார்கள், ஞாயிறுக்கு வைத்திருந்த கஷ்கொட்டை முழுவதையும் தின்றார்கள், சந்தோஷமாகப் போனார்கள். புகை இல்லை.

ஆள் எண்ணிக்கையும் விடுதலை. மிச்சமிருந்தது ஆட்கள் மட்டும்தான். எத்தனை பேர் என்பது காரணம் இல்லையென்றால், யார் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். அப்படித்தான் நஸ்ரி கணக்குப் போட்டார். கணக்கில் தப்பு எங்கே என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மகள் குடும்பம் வந்து சேர்ந்தபோது, நஸ்ரி வாசலிலேயே ஒரு காகிதச் சீட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னிக்கு அடுப்பு புகைஞ்ச உடனே யாரும் ஜன்னலத் திறக்கக் கூடாது. ஒவ்வொருத்தரா அஞ்சு நிமிஷம் பால்கனில போய் நிக்கணும். யாரு வெளிய இருக்கும்போது புகை நிக்குதோ, அவங்கதான்.”

“அவங்கதான்னா?” என்றாள் ஹலா.

“அவங்கதான் காரணம்.”

“கேட்டியா கமீல்? எங்கப்பா போலீஸ் மாதிரி நம்மள வரிசையில நிக்க வைக்கப்போறாரு.”

“நல்ல முறைதான்,” என்றார் கமீல் பவ்யமாக. “நாங்களும் எந்தப் பல்லு வலிக்குதுன்னு ஒண்ணொண்ணா தட்டித்தான் பாப்போம்.”

நேரம் தவறவில்லை. சமையலறையில் வர்தே எண்ணெயைக் காயவைத்து முதல் ஈடு கிப்பே என்ற கறி உருண்டைகளைப் போட்ட கொஞ்ச நேரத்தில், அடுப்பின் கதவிடுக்கில் அந்த நாக்கு எட்டிப் பார்த்தது. தாலா தாத்தாவைப் பார்த்துக் கைதட்டினாள். “ஜித்தோ, வந்துடுச்சு!”

முதலில் கமீல் அனுப்பப்பட்டார். அவர்மேல் சந்தேகம் கொஞ்சம் கூடுதலாக இருந்ததை நஸ்ரி வெளிக்காட்டவில்லை. கமீல் கண்ணாடிக்கு வெளியே கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டு நின்றார். புகை நிற்கவில்லை. நஸ்ரி சீட்டில் அவர் பெயரை, சற்று ஏமாற்றத்தோடு, அடித்தார்.

அடுத்து தன்னூஸ், சிகரெட்டோடு. நிற்கவில்லை. “நான் அப்பவே சொன்னேன்ல?” என்று திரும்பி வந்தவர் மூக்கு சிவந்திருந்தது. அடுத்து ஹலா. நிற்கவில்லை. தாலா தன் முறைக்காகக் குதித்துக்கொண்டிருந்தாள். அவளை இரண்டு நிமிடத்துக்கு மட்டும் அனுமதித்தார்கள். அவள் கண்ணாடியில் மூக்கை நசுக்கி வைத்து எல்லோரையும் பயமுறுத்தினாள். புகை அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது.

“உன்னையும் வெளிய தள்ளிப் பாரு மச்சான்,” என்றார் தன்னூஸ் இருமலுக்கு நடுவே. நஸ்ரி நியாயமான மனிதர். தானும் போய் நின்றார். உள்ளேயிருந்து தன்னூஸ் கட்டைவிரலைக் கீழே காட்டினார்.

சீட்டில் ஒரே ஒரு பெயர் மிச்சம்.

“வர்தே,” என்றார் நஸ்ரி சமையலறைப் பக்கம் பார்த்து. “கொஞ்சம் வெளிய வா.”

“கிப்பே கருகிடும்.”

“அஞ்சே நிமிஷம்.”

வர்தே வாணலியை இறக்கினாள், கேஸை அணைத்தாள், விளக்கை அணைத்தாள், இருந்த எல்லா சுவிட்சையும் அணைத்தாள். ஜெனரேட்டர் மின்சாரத்தில் வாழும் யாரும் சும்மா எதையும் ஓடவிட்டு அறையைவிட்டு நகரமாட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடம். புகை நாக்கு சுருங்கியது. இரண்டாவது நிமிடத்தில் அது கதவிடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போனது. தீ நிமிர்ந்து உறுமியது. குழாய் டிக் டிக் என்று சூடேறியது.

“அம்மாவா?” என்றாள் ஹலா.

“நான் அவகூடப் பொறந்தவன்,” என்றார் தன்னூஸ். “எனக்கு ஆச்சரியமே இல்ல.”

உறுதி செய்துகொள்ள வேண்டுமே. வர்தேயை உள்ளே அழைத்தார்கள். அவள் நேரே சமையலறைக்குப் போய் எல்லாவற்றையும் போட்டு, அடுத்த ஈடு உருண்டைகளை எண்ணெயில் இறக்கினாள். மூன்று நிமிடத்தில் புகை திரும்பி வந்தது. நஸ்ரி சமையலறை வாசலில் போய் நின்றார். அவர் முகத்தில் இருந்தது முழுக்க முழுக்க விஞ்ஞான மகிழ்ச்சி. அதில் ஆபத்து இருப்பதை அவர் உணரவில்லை.

“வர்தே! நீதான்!”

“நான்தான் என்ன?”

“புகைக்குக் காரணம் நீதான்! நீ வெளிய போனா நிக்குது, உள்ள வந்தா வருது. ரெண்டு தடவை பாத்துட்டோம்.”

வர்தே கரண்டியை நிதானமாகக் கீழே வைத்தாள்.

“முப்பத்தாறு வருஷம் உனக்குப் பொரிச்சுப் போட்டேன்,” என்றாள். “காலைல ஆறு மணிக்கு எழுந்து கறியரைச்சேன். உன் தம்பட்டக்காரன் ஒருத்தன், என் தம்பின்னு பேரு, அவனுக்கும் சேத்து. இப்ப வீடு புகையறது என்னாலயா?”

“அது வந்து, கெட்ட அர்த்தத்துல சொல்லல. கணக்குப்படி...”

“உன் கணக்கையே பொரிச்சுச் சாப்பிடு. ஹலா, நான் உங்க வீட்டுக்கே வரேன். பட்டன் இருக்காம்ல, பட்டன், அங்க போய் உக்காந்துக்கறேன். என்னையப் பாத்து உங்க ஏசி இருமாதுல்ல?”

கேஸை மட்டும் படக்கென்று அணைத்தாள். வேறு எதையும் தொடவில்லை. கோட்டை இழுத்து மாட்டிக்கொண்டு பால்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவைச் சாத்திய சாத்தில் சுவரிலிருந்த படங்கள் கோணின.

“நல்லாச் செஞ்ச அப்பா,” என்றாள் ஹலா.

நஸ்ரி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வர்தே வெளியே இருக்கிறாள். நாலு நிமிடம் ஆகிவிட்டது. புகை வந்துகொண்டே இருக்கிறது!

“அவ வெளிய,” என்றார் மெதுவாக. “புகை உள்ள. அப்ப அவ இல்ல!”

“அதப் போய் அவகிட்ட சொல்லு,” என்றார் தன்னூஸ்.

“இரு. போன தடவ வெளிய போகும்போது என்ன பண்ணா? இப்ப என்ன பண்ணல?”

எல்லோரும் சமையலறையை எட்டிப் பார்த்தார்கள். கேஸ் அடுப்பு அணைந்திருந்தது. வாணலி சும்மா இருந்தது. அதற்கு மேலே, சுவரோரம், எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் தன்பாட்டுக்கு உய்யென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்டில் மார்ச் மாதம் வரும் அன்னையர் தினத்துக்கு ஹலா வாங்கித் தந்தது. பெரியது, பலமானது. வர்தே பொரிக்கும் நாளில் மட்டும் அதைப் போடுவாள். பொரிப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

நஸ்ரி சுவிட்சை அணைத்தார். கூடத்துக்கு ஓடிவந்து குனிந்தார். இரண்டு நிமிடத்தில் புகை அடங்கியது. மறுபடி போட்டார். வந்தது. அணைத்தார். அடங்கியது.

கடைசிச் சோதனையாக ஃபேனை இன்னொரு தடவை போட்டுவிட்டு வந்து, அவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“பம்பு,” என்றார். “என் வீட்ல ரெண்டு பம்பு ஓடுது. நான் ஒண்ணத்தான் பாத்துட்டிருந்தேன். கமீல், இங்க பாருங்க. இந்த ஃபேன் வீட்டுக் காத்த எடுத்து வெளிய தள்ளுது. வெளிய போன காத்துக்குப் பதிலா உள்ள காத்து வந்தாகணும். எங்கேருந்து வரும்?”

“ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு...” என்ற கமீல் பாதியில் நிறுத்தினார்.

நஸ்ரியின் முகம் மாறியது. ஜன்னல் இடுக்கா? செப்டம்பர் மாதம் முழுக்க அவரே முழங்காலில் நின்று, வீட்டிலுள்ள ஒவ்வொரு ஜன்னலுக்கும் கதவுக்கும் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தார். ஒரு எறும்பு கூட நுழையாது என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தார். நுழையவில்லைதான். எறும்பும் நுழையவில்லை, காற்றும் நுழையவில்லை. வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஓட்டை அடுப்புக் குழாய். ஃபேன் அந்தக் குழாய் வழியாகவே வெளிக் காற்றை உள்ளே உறிஞ்சியது, காற்றோடு புகையையும். போன வருடம் ஃபேன் இல்லை, பட்டையும் இல்லை. வியாழக்கிழமை பட்டை இருந்தது, ஆனால் வர்தே காப்பி மட்டும்தான் போட்டாள்.

“அப்ப காரணம் பாதி நான் வாங்கின ஃபேன்,” என்றாள் ஹலா. “பாதி நீ ஒட்டின பட்டை.”

“பாதிப் பாதி.”

“அம்மா பங்கு?”

“ஒண்ணுமில்ல,” என்றார் நஸ்ரி. சொல்லிக்கொண்டே பால்கனிப் பக்கம் பார்த்தார்.

ஆனால் காரணம் தெரிந்தால் மட்டும் போதாது. ஃபேனை நிறுத்தினால் எண்ணெய்ப் புகை திரைச்சீலையில் ஏறும், வர்தே பொரிக்கமாட்டாள். ஃபேனைப் போட்டால் அடுப்பு எரியாது. பட்டையைப் பிய்த்தால் ஜனவரிப் பனியில் வீடு உறையும். போன வாரங்களில் செய்ததுபோல எல்லா ஜன்னலையும் விரியத் திறந்தால் கோட்டும் கையுறையுமாகச் சாப்பிட வேண்டும். ஹலா தாலாவின் கோட்டைக் கையில் எடுத்துவிட்டாள்.

“கண்டுபிடிச்சிட்ட, சரி. ஆனா சாப்பாடு எங்க வீட்லதான் போல அப்பா.”

“மொதல்ல உங்கம்மா,” என்றார் நஸ்ரி.

பால்கனி, சமையலறை ஜன்னலையும் ஒட்டியே ஓடியது. வர்தே அந்த ஜன்னலுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு, பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றிருந்தாள். பால்கனிக் கதவை வெளியிலிருந்து நாற்காலி வைத்து அடைத்திருந்தாள். நஸ்ரி சமையலறைக்குள் போய்க் கண்ணாடியைத் தட்டினார். திரும்பவில்லை.

“வர்தே! நீ இல்ல! ஃபேன்!” என்று கத்தினார்.

அவள் பாதி திரும்பி, காதில் கை வைத்து, கேட்கவில்லை என்று சைகை காட்டினாள். அது நடிப்பில்லை. அவ்வளவு நன்றாகப் பட்டை ஒட்டியிருந்தார்.

“நான்தான் தப்பு!” என்றார் இன்னும் சத்தமாக. கூடத்திலிருந்த எல்லோருக்கும் கேட்டது. கேட்க வேண்டிய ஒருத்திக்கு மட்டும் கேட்கவில்லை. அவள் இன்னும் கோபமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருவேளை வேறு எதையோ சொல்கிறார் என்று நினைத்திருக்கலாம்.

“இன்னும் திட்டறாருன்னு நெனைக்கறா,” என்றார் தன்னூஸ் பின்னாலிருந்து. “அவகிட்ட இன்னும் கொஞ்சம் கத்து. நல்லாருக்கும்.”

வேறு வழியில்லை. நஸ்ரி ஜன்னல் பிடியைத் திருகினார். புதுப் பட்டை, இறுக்கம். பலமாக இழுத்ததும் பக்கென்று விலகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் திறந்தது. குளிர்க் காற்று அவர் மணிக்கட்டைத் தழுவிக்கொண்டு உள்ளே ஓடியது. அவர் வாயை அந்த இடுக்கில் வைத்தார்.

“வர்தே, நீ காரணமில்ல. ஃபேன் காத்த உறிஞ்சுது, நான் ஒட்டின பட்டை அடைச்சுது. ரெண்டும் சேந்து அடுப்பக் கெடுத்துது. உன்னச் சொன்னது முட்டாள்தனம். கணக்கு தப்பு.”

வர்தே ஜன்னல் இடுக்கின் பக்கம் திரும்பினாள்.

“முட்டாள்தனம்னு சொன்னியா, கணக்கு தப்புன்னு சொன்னியா?”

“ரெண்டும்.”

“மொதல் வார்த்தைய இன்னொரு தடவ சொல்லு. தன்னூஸுக்குக் கேக்கற மாதிரி.”

“முட்டாள்தனம்!” என்று கத்தினார் நஸ்ரி.

“கேட்டுது, கேட்டுது,” என்றார் தன்னூஸ் திருப்தியாக.

அப்போது கூடத்திலிருந்து தாலாவின் குரல் வந்தது. “ஜித்தோ, புகை உள்ள போயிடுச்சு!”

நஸ்ரி திரும்பிப் பார்த்தார். அவர் தலைக்கு மேல் ஃபேன் உய்யென்று ஓடிக்கொண்டிருந்தது. அதை மறுபடி போட்டவர் அவர்தான், கடைசிச் சோதனைக்கு. அப்படியே விட்டிருந்தார். கூடத்தில் அடுப்பு கதவை மூடிக்கொண்டு, வார நாள்போல, சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னலைச் சாத்தினார். மூன்று நிமிடம் காத்திருந்தார். கதவிடுக்கில் நாக்கு எட்டிப் பார்த்தது. ஜன்னலைத் திறந்தார், அதே இரண்டு விரல். நாக்கு உள்ளே போனது.

கூடத்துக்கு வந்து கையை நீட்டிப் பார்த்தார். குளிர் இங்கே எட்டவே இல்லை. சமையலறை ஜன்னல் வழியாக வந்த காற்று சமையலறையிலேயே திரும்பி ஃபேன் வழியாக வெளியே போய்விட்டது. கூடத்தின் சூடு கூடத்திலேயே இருந்தது. அவ்வளவு அழகான ஏற்பாட்டை அவரே யோசித்துச் செய்திருந்தால்கூட அப்படி அமைந்திருக்காது.

வர்தே நாற்காலியை நகர்த்திவிட்டு உள்ளே வந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குப் போய் கேஸைப் பற்றவைத்தாள். எண்ணெய் சூடாகும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றவள், அடுத்த ஈட்டை இறக்கிவிட்டுக் குரல் கொடுத்தாள்.

“காரணம் நானில்லன்னு ஆயிடுச்சுல்ல? அப்ப எல்லாரும் ஒரு கை குடுங்க. தன்னூஸ், நீ காலிஃபிளவர அறு. மாப்பிள்ளை, எள்ளு விழுத கரைங்க. நீ தாலாவோட கோட்ட கீழ வை.” கடைசி வரி ஹலாவுக்கு.

ஹலா அடுப்பைப் பார்த்தாள். புகை இல்லை. ஃபேன் ஓடுகிறது, எண்ணெய் கொதிக்கிறது, ஆறு பேர் மூச்சு விடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை. அவள் கோட்டைக் கொக்கியில் மாட்டினாள்.

“சரிப்பா. அடுத்த வாரமும் இங்கதான்,” என்றாள். “ஆனா இதே மாதிரி எரியணும்.”

“எரியும்,” என்றார் நஸ்ரி. சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, பென்சிலை நாக்கில் தொட்டு, கொட்டை எழுத்தில் எழுதி, ஃபேன் சுவிட்சுக்கு மேலே ஒட்டினார்: ஃபேனைப் போடும் முன் சமையலறை ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறக்கவும். ஃபேனை நிறுத்திய பின் மூடவும்.